பர்னர் பிரமாணவியல்: ஒரு முன்னாய்வு

அமெரிக்காவிலேயே எண்ணெய் எரித்துக் குளிர்காயும் வீடுகளின் விகிதம் மேய்ன் மாநிலத்தில்தான் அதிகம். அங்கே வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறையில், பாய்லருக்கு முன் மண்டியிட்டு, நெடுங்காலமாக ஒரு தத்துவ விசாரம் நடந்துவருகிறது: பர்னர் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? இதில் மூன்று மதங்கள் உண்டு.

முதலாவது, பெருங்கனல் மதம். “பெரிசா இருந்தா என்ன கெட்டுப்போச்சு?” என்பது இதன் மூல சூத்திரம். கண்டனம்: பெரிய பர்னர் சில நிமிடம் சீறிவிட்டு அணையும், தெர்மோஸ்டாட் கூப்பிட்டால் மறுபடி சீறும். பற்றும்போதும் அணையும்போதும்தான் கரி கூடுதலாகப் படிகிறது. இடைவேளையில் பாய்லரின் சூடு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது. வானத்தைச் சூடேற்றுவது அறமாயினும், அதற்கான பில் வீட்டுக்காரருக்கே வருகிறது.

இரண்டாவது, வழிவழி மதம். பர்னரில் எண்ணெயைப் பீய்ச்சும் நாசில் முன்பு எதுவோ அதுவே இனியும். நடுவில் ஜன்னல் மாறியது, பரணில் பஞ்சு அடைத்தது எல்லாம் இவர்களுக்கு மாயை.

மூன்றாவது, குளியல் மதம். பாய்லருக்குள்ளேயே செப்புச்சுருள் வைத்து வெந்நீர் எடுக்கும் வீடுகளில், ஒரே நேரத்தில் இருவர் குளிப்பதை உத்தேசித்துப் பர்னர் அமைவது. மூன்றில் இதற்கே கொஞ்சம் நியாயம் உண்டு. வெந்நீருக்குத் தனித் தொட்டி வைத்ததும் அதுவும் போய்விடும்.

இனி மூலபாட ஆய்வு. நாசிலின் பித்தளை உடலில் 0.85 என்று பொறித்திருக்கும். மணிக்கு அத்தனை கேலன் என்று பொருள். ஆனால் அது 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மட்டும். பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறுவதால், பம்ப்பை 140க்குத் திருகினால் அதே நாசிலில் ஏறக்குறைய 1 கேலன் பாயும். பொறித்ததைப் படித்தவர் அழுத்தமானியைப் படிக்காவிட்டால் இந்தப் பாடபேதம் புலப்படாது.

சித்தாந்தம் வருமாறு. ஒரு நாளின் சராசரி வெப்பம் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அதுவே அந்நாளின் டிகிரி-நாள் கணக்கு. ஒரு கேலன் எண்ணெய் எத்தனை டிகிரி-நாள் தாங்குகிறது என்பதை வைத்துத்தான் எண்ணெய் வியாபாரி அடுத்த லாரியை அனுப்புகிறார். அந்த எண் 5 என்று கொள்வோம். 5 டிகிரிக் கடுங்குளிர் நாளுக்கு 60 டிகிரி-நாள். செலவு 12 கேலன். 24 மணியால் வகுத்தால் மணிக்கு அரை கேலன். அந்த வீட்டின் தேவை அவ்வளவே. நிலவறையில் எரிவதோ 1 கேலன் பர்னர்.

ஆட்சேபம்: அரை கேலனுக்கும் கீழே போகலாமா? நாசிலின் துளை மிக நுண்ணியதானால் ஒரு தூசு போதும், அடைத்துக்கொள்ளும். புகை அதிகம் குளிர்ந்தால் புகைபோக்கிக்குள் நீர் கோத்து அரிக்கும். பாய்லர் தகட்டில் உள்ள வரம்பை மீறுதல் கூடாது.

இத்தனை எளிய வகுத்தல் இருந்தும் பெருங்கனல் மதமே கோலோச்சுவது ஏன்? ஜனவரி இரவு இரண்டு மணிக்கு “வீடு குளிருது” என்று மெக்கானிக்கை எழுப்புவோர் உண்டு. “பர்னர் அடிக்கடி அணையுது” என்று எழுப்புவோர் இல்லை. விரலுக்கேற்ற வீக்கம் என்பது முதுமொழி. இங்கே வீக்கத்தைத் தீர்மானிப்பது மெக்கானிக்கின் தூக்கம்.