மச்சானின் டயர் வீடும் ராகலை முடக்கும்

கனடாவில் இருக்கும் மாமா மகன், வீடு வாங்கிவிட்டேன் என்று படம் அனுப்பினான். வீட்டுக்கு டயர் இருந்தது. நீளம் 30 அடி, அகலம் 8 அடி. உள்ளே கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாம் உண்டு. கணக்குப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு லயக் காம்பிரா இரண்டு, சரியாக. நம் ஆட்கள் தலைமுறையாகக் குடும்பம் நடத்திய இடத்தை இவன் லீவுக்கு இழுத்துக்கொண்டு திரிகிறான்.

இழுப்பது பிக்கப். கொக்கி பின்னால் இல்லை, பிக்கப்பின் தட்டுக்குள்ளேயே பின் அச்சுக்கு மேல் இருக்கிறது. பாரம் அச்சில் இறங்குவதால் நேர் ரோட்டில் ஆடாமல் போகுமாம். ஆனால் மச்சான் வாங்கியது குட்டைத் தட்டு. கொக்கியிலிருந்து கேபினுக்கு நாலடிகூட இல்லை; வீட்டின் பாதி அகலமே நாலடி. முழுசாக ஒடித்துத் திருப்பினால் வீட்டின் மூலை கேபினுக்குள் வந்து உட்காரும்.

"அதுக்குத்தான் மச்சான், நகர்ற கொக்கி போட்டிருக்கேன். திருப்புறப்ப ஓரடி பின்னுக்குப் போயிரும்" என்றான். விலையையும் சொன்னான். ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

வலப்பனையில் எங்கள் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் டிரக்டருக்கு இந்தத் தொல்லை கிடையாது. பெட்டி அதன் வாலுக்குப் பின்னால் ஓர் இரும்பு ஊசியில் தொங்குகிறது. ஊசி கழலாமல் இருக்க வளைத்த கம்பித் துண்டு ஒன்று. டிரைவரின் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியே இல்லாதபோது எது உடையும்? பிரேக் பெடல் இரண்டு, இடச் சில்லுக்கு ஒன்று, வலச் சில்லுக்கு ஒன்று. பெரிய ரோட்டில் இரண்டையும் கொளுவிச் சேர்த்துவிட வேண்டும். மலைக்குள் திரும்பியதும் டிரைவர் அண்ணன் கொளுவியைச் செருப்பால் தட்டிவிட்டு உள்பக்கப் பெடலை மட்டும் மிதிப்பார். டிரக்டர் நின்ற இடத்திலேயே சுற்றும். சாக்குகள் மேல் உட்கார்ந்திருக்கும் கிளீனர் பையன் பேச்சைக்கூட நிறுத்த மாட்டான்.

"அடுத்த வருசம் கப்பல்ல போட்டு வலப்பனைக்குக் கொண்டாரவா?" என்று கேட்டான் மச்சான். வெள்ளைக்காரனே இந்தப் பக்கம் வந்து இடுப்பை ஒடுக்கியவன். கொழும்பிலிருந்து பதுளைக்கு 5 அடி 6 அங்குல அகலத்தில் தண்டவாளம் போட்டவன், நானுஓயாவிலிருந்து ராகலைக்கு வளைந்து வருவதற்கு 2 அடி 6 அங்குலத்துக்கு இறங்கினான். அந்த ரயிலும் 1940களில் நின்றுபோனது. ராகலையைத் தாண்டி வலப்பனைக்கு அதுகூட வரவில்லை. இவன் 30 அடி வீட்டோடு வருகிறானாம்.

வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிரக்டரின் ஊசி அச்சுக்குப் பின்னால் இருப்பதால், முடக்கில் அது கொஞ்சம் வெளியே ஒதுங்கிப் பெட்டியையும் கூட்டிப்போகும். மச்சானின் கொக்கி அச்சுக்கு மேலேயே இருப்பதால் வீடு அதைவிட அதிகமாக உள்பக்கம் வெட்டும். எங்கள் உள்பக்கத்தில் ஒன்று மண்திட்டு, இல்லாவிட்டால் கரட் விற்கும் அக்காவின் கடை. "பஸ்ஸில் வா, காம்பிராவில் பாய் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வருபவரானால் ஒன்று: முடக்கில் பெட்டி கட்டிய டிரக்டர் வெளியே ஒதுங்கினால், வழி விடுகிறது என்று நினைத்து உள்ளே நுழையாதீர்கள். பெட்டி அங்கேதான் வந்துகொண்டிருக்கிறது.