மூச்சு விட்டதுதான் குற்றம்

பொதுமக்கள் நுழையக்கூடாத இடங்கள் என்றால் ராணுவத் தளம், அணு உலை, பாம்புத் தீவு என்று ஒரு பட்டியல் ஓடும். அங்கெல்லாம் நாம் போனால் நமக்கு ஆபத்து. பிரான்சின் தென்மேற்கில், மோந்தின்யாக் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு குகை இருக்கிறது. அங்கே நாம் போனால் குகைக்கு ஆபத்து. மூச்சு விட்டோம், வியர்த்தோம், "அடடா" என்று வாயைப் பிளந்தோம். இந்தக் குற்றங்களுக்காக 1963-இல் நம்மை வெளியே அனுப்பினார்கள். இன்னும் உள்ளே விடவில்லை.

லாஸ்கோ குகையின் கதை சுமார் 17 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில் தொடங்குகிறது. வேட்டையாடித் திரிந்த ஜனங்கள் கல் விளக்கில் விலங்குக் கொழுப்பை எரித்து, எட்டாத இடத்துக்குச் சாரம் கட்டி, சுவரிலும் கூரையிலும் காளையும் குதிரையும் கலைமானுமாக வரைந்து தள்ளினார்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இரும்புச் சத்துள்ள மண், கருப்புக்கு மாங்கனீசு. ஒரு காளை மட்டுமே ஐந்து மீட்டர் நீளம். அவர்கள் அன்றாடம் தின்றது பனிமான். குகையில் கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை அதனுடையவைதான். ஆனால் நூற்றுக்கணக்கான படங்களுக்கு நடுவே பனிமானுக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். வயிற்றை நிரப்பியவனுக்குச் சுவரில் படம் வைக்காத வழக்கம் அப்போதே வந்துவிட்டது.

மனிதனின் கதி அதைவிட மோசம். 'கிணறு' என்று ஆய்வாளர்கள் சொல்லும் ஆழமான பள்ளத்தில் ஒரே ஒரு ஆள் இருக்கிறான். குதிரையின் திரண்ட வயிற்றை அவ்வளவு ரசித்து வரைந்த கூட்டம், இவனை நாலு கோட்டில் முடித்துவிட்டது. தலை பறவையுடையது. கைக்கு நான்கே விரல். குடல் சரிந்த காட்டெருமை முன்னால் நிற்க, இவன் சாய்ந்து கிடக்கிறான். ஆண்குறி மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. மந்திரவாதியின் பரவச நிலை, வேட்டை விபத்து, நட்சத்திர வரைபடம் என்று இதற்கு விளக்கங்கள் குவிந்து கிடக்கின்றன. "பிடிக்காத பங்காளியைக் கேலி பண்ணி வரைந்தது" என்று எழுதினால் டாக்டர் பட்டம் கிடைக்காது என்பதால் அதை விட்டுவிடுவோம்.

பிறகு வாசலில் மண்ணும் கல்லும் சரிந்து குகை மூடிக்கொண்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பராமரிப்புக் குழு இல்லை, நிதி ஒதுக்கீடு இல்லை, நிபுணர் அறிக்கை இல்லை. ஓவியங்கள் பிரமாதமாக இருந்தன.

1940 ஜூனில் பிரான்ஸ் ஹிட்லரிடம் மண்டியிட்டது. செப்டம்பரில் மோந்தின்யாக் பையன்களுக்கு வேறு கவலை. அந்தக் காட்டிலிருந்து லாஸ்கோ மாளிகைக்குச் சுரங்கப் பாதை உண்டு, அதில் புதையலும் உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு. மார்செல் ரவிதா என்ற 18 வயது மெக்கானிக் பையனுக்கு ஒரு குழி கண்ணில் பட்டது. உண்மையில் கண்டுபிடித்தது அவனுடைய நாய் ரோபோதான் என்று சொல்வார்கள். நாய் அதுபற்றிப் பேட்டி எதுவும் கொடுக்கவில்லை. செப்டம்பர் 12 அன்று ரவிதா, மர்சால், அன்யேல், கோயன்காஸ் என்ற நால்வரும் ஓட்டையைக் கத்தியால் பெரிதாக்கிச் சறுக்கி இறங்கினார்கள். புதையல் இல்லை. மாடுதான் இருந்தது.

யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள். பையன்கள் செய்த சத்தியம் எத்தனை நாள் நிற்கும்? சீக்கிரமே ஊரே திரண்டு வந்தது. பள்ளி ஆசிரியர் லவால் மட்டும், தன்னைக் குழியில் இறக்கி வேடிக்கை பார்க்கப்போகிறார்கள் என்று முதலில் தயங்கினார். ஆசிரியர்களுக்கு மாணவர்களைத் தெரியும். கடைசியில் அவரும் இறங்கினார், அசந்துபோனார், தகவல் அனுப்பினார். ஆதி ஓவியங்களுக்குச் சான்றிதழ் தரும் அதிகாரம் பெற்றிருந்த ஆன்ரி ப்ரூய் அந்த மாதமே வந்து "அசல்" என்று முத்திரை குத்தினார். ப்ரூய் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். கிணற்றுக்குள் கிடந்தவனை, வேட்டையில் செத்தவன் என்று கௌரவமாகச் சொல்லி முடித்துக்கொண்டார்.

போர் முடிந்ததும் குகையை மக்களுக்குத் திறக்க ஏற்பாடு நடந்தது. வாசலை அகலப்படுத்தினார்கள், தரையைத் தோண்டித் தாழ்த்தினார்கள், படி கட்டினார்கள், மின்விளக்குப் போட்டார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் எதை எங்கே போட்டுவிட்டுப் போனார்கள் என்று சொல்லக்கூடிய மண்ணில் பெரும்பகுதி, சுற்றுலாப் பயணி கால் இடறக்கூடாது என்பதற்காக வாரிக் கொட்டப்பட்டது. 1948-இல் கதவு திறந்தது. ரவிதாவும் மர்சாலும் வழிகாட்டிகளானார்கள்.

1955 வாக்கில் ஒரு நாளைக்கு 1,200 பேர். அத்தனை பேரும் மரியாதைக்குரியவர்கள். யாரும் சுவரில் காதலி பெயரைக் கிறுக்கவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. நின்று மூச்சு விட்டாலே போதுமானதாக இருந்தது. கரியமில வாயு ஏறியது, ஈரமும் சூடும் ஏறின. காற்றைச் சுத்தப்படுத்த இயந்திரம் வைத்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் பாசி பிடித்தது. அதற்குப் 'பச்சை நோய்' என்று பெயர் வைத்தார்கள். சுவரில் சுண்ணாம்புப் படலம் படிந்தது. அது 'வெள்ளை நோய்'. மனித இனம் பார்க்கத் தொடங்கிய பதினைந்தே ஆண்டுகளில் குகை நோயாளி ஆகிவிட்டது.

1963 ஏப்ரலில், "போதும், எல்லாரும் வெளியே" என்று கதவைச் சாத்தியவர் கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ. புராதனச் சின்னங்களுக்குப் பொதுமக்கள் செய்யும் கேடு பற்றிப் பேச அவரைவிடத் தகுதியானவர் பிரான்சில் கிடையாது. 1923-இல், 22 வயதில், கம்போடியாவின் பன்தேய் ஸ்ரெய் கோயிலுக்குப் போய்ச் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துக் கிளம்பி, புனோம் பென்னில் போலீசிடம் பிடிபட்டவர் அவர். நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை என்றது. மேல்முறையீட்டில் அது குறைந்து, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை ஆனது. அந்த அனுபவத்தை வைத்து நாவலும் எழுதினார். அப்படிப்பட்டவர் நம்மைப் பார்த்து, நீங்கள் மூச்சு விடுவது சரியில்லை என்றார். சரியாகத்தான் சொன்னார் என்பதுதான் கொடுமை.

மூடிய பிறகும் ஒரு சின்னச் சந்து இருந்தது. வாரத்தில் சில நாள், நாளுக்கு ஐந்து பேர். ஃபார்மலினில் செருப்பை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. 2001-இல் புது குளிர்சாதனக் கருவி பொருத்தினார்கள். பின்னாலேயே ஃபியூசேரியம் என்ற பூஞ்சை தரையையும் சுவரையும் வெள்ளையாக மூடியது. தரையில் சுட்ட சுண்ணாம்பு கொட்டினார்கள், சுவருக்குப் பூஞ்சைக்கொல்லி வைத்துக் கட்டுப்போட்டார்கள். அடுத்தது கரும்புள்ளி. அதில் கிடைத்த ஒரு பூஞ்சை அறிவியலுக்கே புதுசு. 'ஓக்ரோகோனிஸ் லாஸ்கோயென்சிஸ்' என்று குகையின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். ஓவியம் வரைந்தவனின் பெயர் யாருக்கும் தெரியாது. அழிக்க வந்ததற்குப் பெயர், முகவரி எல்லாம் உண்டு.

சரி, பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்ன செய்வது? 1983-இல் அசலிலிருந்து 200 மீட்டர் தள்ளி நகல் குகை திறந்தது: லாஸ்கோ 2. கூட்டம் அங்கும் குவிந்தது. அதே குன்றின் மேல் வண்டிகள் ஏறி இறங்கினால் அசலுக்கு ஆகாது என்ற கவலை வந்தது. 2012-இல் ஊர் ஊராகப் போகும் கண்காட்சி, லாஸ்கோ 3. 2016-இல் குன்றின் அடிவாரத்தில் 5 கோடியே 70 லட்சம் யூரோ செலவில் லாஸ்கோ 4. நம்மூர் 'அரண்மனை' பட வரிசைக்குச் சமமாக வந்துவிட்டார்கள். என்ன, இங்கே முதல் பாகத்துக்குத்தான் தடை.

இதற்கு நடுவில், 1994 டிசம்பரில், தென்கிழக்கே ஆர்தேஷ் பகுதியில் ஷோவே குகை கிடைத்தது. லாஸ்கோவைவிட இரண்டு மடங்கு பழசு. சிங்கமும் காண்டாமிருகமும் சுவரில் நேற்று வரைந்த மாதிரி நிற்கின்றன. கண்டுபிடித்த மூவரும் தரை கெடாமல் இருக்க பிளாஸ்டிக் விரித்து நடந்தார்கள். அரசு ஒரு நாள்கூடப் பொதுமக்களுக்குத் திறக்காமல் நேராகப் பூட்டியது. 2015-இல் நகலைத் திறந்தது. பாடம் கற்றுக்கொண்டாயிற்று. பாசி, பூஞ்சை, கரும்புள்ளி எதற்கும் இடம் கொடுக்கவில்லை. பெயர் உரிமை யாருக்கு, பணம் யாருக்கு என்ற வழக்குகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. அதற்கு இன்னும் எந்த மருந்தும் வரவில்லை.