தெருவுக்கொரு ரமணன்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் கடல் கிடையாது. 2019 நவம்பரில் செங்கல்பட்டைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன; காஞ்சிபுரம் மாவட்டத்துக்கே இப்போது கரை இல்லை. ஆனாலும் வங்கக் கடலில் ஒரு சுழி விழுந்தால் முதல் அறிவிப்பு எங்கள் தெருத் திண்ணையிலிருந்துதான் வரும். எஸ்.ஆர். ரமணன் 2016 மார்ச்சிலேயே வானிலை மையத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தெருவுக்கொரு ரமணனாக உட்கார்ந்திருக்கும் இவர்களுக்கு ஓய்வு வயதே கிடையாது.

எங்கள் தெரு ரமணன் அறுபதைத் தாண்டியவர். முட்டி போனதும் தறியை மகனிடம் விட்டுவிட்டுக் கைப்பேசியும் கையுமாகத் திண்ணைக்கு வந்தார். கோர்வைக்கு ஒரு கை குறைகிறது, வந்து நாடா தள்ளுங்கள் என்று மகன் கூப்பிட்டால் போதும், கோபம் வந்துவிடும். "ஐரோப்பா மாடல் மரக்காணம்ங்குது, அமெரிக்கா மாடல் நெல்லூருங்குது. நடுவுல நாம உக்காந்திருக்கோம். இப்பப் போய் நாடாவாம், நாடா!"

அவர் வாக்கு பொய்த்ததே இல்லை. "வலுப்பெறும், இல்லேன்னா வலுவிழக்கும்" என்று சொல்பவரை எந்தப் புயல்தான் என்ன செய்யும்? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. நகராமல் நிற்கிறது என்றார்கள், புயலாகாது என்றார்கள், பிறகு ஆகிவிட்டது என்றார்கள். அந்த நாட்களில் அவர் முகத்தில் இருந்த களையை மகள் கல்யாணத்தில்கூட யாரும் பார்த்ததில்லை. 30ஆம் தேதி மாலை அது புதுச்சேரிப் பக்கம் கரையேறி அங்கே 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தபோது, பக்கத்து வீட்டுச் சம்பந்தம் கைவிட்டுப் போனது போலத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "பேரு வச்சவன் சவுதிக்காரன். நம்ம ஊர் வழி அவனுக்கு எப்படித் தெரியும்?"

ஆனால் அவர் பேச்சை யாரும் முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. இங்கே குழித்தறிதான் அதிகம். மஞ்சள் நீர் கால்வாய் நிரம்பி வழிந்தால் தெருவில் தண்ணீர். தெருவில் வராவிட்டாலும் தரையடியில் ஊறித் தறிக்குழிக்குள் வந்து நிற்கும். மிதிக்கக் கால் வைக்க முடியாது. ஈரக் காற்றில் பாவு தளர்ந்து இழை இழையாக அறும். முகூர்த்தச் சேலைக்கு முன்பணம் வாங்கியவன் குழியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

2022 மார்ச் முதல் வாரம்தான் அவருடைய பொற்காலம். மாசி மாதத்தில், ஊரே பனி விலகி வெயிலுக்குத் தயாராகும் நேரத்தில், வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்! மார்ச்சில் இப்படி ஒன்று வருவதே அபூர்வம். விடியற்காலையில் தெருவில் பாவை இழுத்துக் கட்டியிருந்தவர்களிடம், "கஞ்சி போடாதீங்கடா, வடதமிழகம்னு சொல்லிட்டான்" என்று கத்தினார். பாவைச் சுருட்டினார்கள். கஞ்சி புளித்தது. தாழ்வு மண்டலம் கடலிலேயே நீர்த்துப் போனது. பிள்ளையார்பாளையத்தில் பளீரென்று வெயில். அவர் வீட்டுக்காரம்மா மட்டும் எதையும் நிறுத்தவில்லை. வானத்தை ஒருமுறையும் அவரை ஒருமுறையும் பார்த்துவிட்டு வடாம் பிழிந்து முடித்திருந்தார்.

உள்ளூர்க் கடல் சும்மா இருக்கும் மாசியில் அமெரிக்கா கைகொடுக்கும். மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். கனடாவின் குளிர்காற்று அட்லாண்டிக்கின் வெதுவெதுப்போடு மோதினால் அங்கே உள்ளே பனி, கரையோரம் வெள்ளம். அந்தப் புயலுக்கும் வாடைதான் வாகனம் என்று தெரிந்த நாள் முதல் அவருக்கு அது சொந்தப் புயல். "பாப்பா, பால், பிரெட் வாங்கிட்டியா? மெழுகுவத்தி?" என்று நடுராத்திரி கேட்பார். காலையில் திண்ணையில் செய்தி வாசிப்பு: "ரெண்டு அடி பனி. கடல் தெருவுக்குள்ள வருதாம்."

எதிர் வீட்டுப் பெரியவர் நூலைப் பிரித்தபடியே கேட்டார்: "அங்கல்லாம் குழித்தறியா, மேசைத்தறியா?"

இப்போது அவர் காத்திருப்பது முரசுக்காக. வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கு 13 நாடுகள் கொடுத்திருக்கும் பெயர்ப் பட்டியலில், தேஜுக்கு அடுத்து இந்தியாவின் முறைக்கு வரும் பெயர் அது. "தமிழ்ப் பேரு. நம்ம கரைக்கு வராம வேற எங்க போயிடும்?" என்கிறார். "வரட்டும்," என்றார் உள்ளேயிருந்து வீட்டுக்காரம்மா, "அதுக்குள்ள கூரையில அந்த ஒடைஞ்ச ஓட்டை மாத்துங்க."