மெகா பிளாக் மாமா

நவி மும்பையின் கோபர்கைரனேயில் செக்டருக்கு ஒரு மாமாவாவது இருப்பார். காலையில் காபிக்கு முன்னால் கைப்பேசியில் ரயில் நேரம் காட்டும் எம்-இண்டிகேட்டர் செயலியைத் திறப்பவர். அவரிடம் வழி கேட்டால் மூன்று வழி சொல்வார், மூன்றுக்கும் வண்டி நேரத்தோடு. அவருக்கென்றே செய்ததுபோல் 'மினி மெட்ரோ' என்ற புதிர் விளையாட்டை நியூசிலாந்துக்காரர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். நிலையங்கள் முளைத்துக்கொண்டே இருக்கும், கோடு இழுத்து இணைக்க வேண்டும், ஓரிடத்தில் கூட்டம் தேங்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது. மும்பைக்கும் அதில் வரைபடம் உண்டு. ஆனால் மாமாவுக்கு அது வேண்டியதில்லை. அவர் மாமியையும் அம்மாவையும் வைத்தே ஆடுகிறார். ஒரே வித்தியாசம், விளையாட்டில் வரும் பயணிகள் வட்டமும் முக்கோணமும்தான், யாருக்கும் மூட்டு வலி கிடையாது.

அந்த விளையாட்டில் ஞாயிறுதோறும் புது ரயில் ஒன்று பரிசாகக் கிடைக்கும். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கிடைப்பது மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காகத் தண்டவாளத்தை மூடுவது. மாட்டுங்காவில் ஒரு கல்யாணம் என்று வையுங்கள். வாஷி போய் ஹார்பர் லைன் வண்டி பிடித்து, குர்லாவில் மாறலாம். தாணே போய் ஸ்லோ வண்டியில் நேராக இறங்கலாம். மாட்டுங்கா–முலுண்ட் இடையே ஒரு பிளாக், குர்லா–வாஷி இடையே இன்னொன்று என்று அறிவிப்பு வந்தால் மற்றவர்கள் முகம் வாடும், மாமாவின் முகம் மலரும். எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டுக்கு நேரே இறங்கலாம் என்பது வரை சனிக்கிழமை இரவே முடிவாகிவிடும். இணைப்பு வண்டி தவறக் கூடாது என்பதற்காக முக்கால் மணி முன்னதாகக் கிளம்பி, அந்த முக்கால் மணியையும் பட்டுப்புடவைகளோடு பிளாட்பாரத்தில் கழிப்பார்கள். நேரத்தை மிச்சம் பிடிக்கிறார் என்கிறார்களே, பிடித்த மிச்சம் எங்கே? திரும்பும் வண்டிக்காகப் பந்தியில் பாயசம் வருமுன் வீட்டாரை எழுப்பிவிடுகிறாரே!

கடிகாரம் பார்க்காமல் மும்பையில் பிழைக்க முடியுமா என்று கேட்கலாம். வீட்டுச் சாப்பாட்டை அலுவலகத்துக்குச் சுமக்கும் டப்பாவாலாக்கள் 1890-இலிருந்து வண்டி நேரத்தை நம்பித்தானே தொழில் செய்கிறார்கள்? உண்மை. ஆனால் டப்பாவாலாவின் கணக்கு ஒருவரைச் சாப்பாட்டின் முன் உட்கார வைக்கிறது; மாமாவின் கணக்கு சாப்பிடுகிறவரை எழுப்புகிறது. நோக்கம் போய்ச் சேருவதாக இருந்தால் போன இடத்தில் கொஞ்சம் இருப்பார். அவருக்கு வேண்டியது போவது மட்டும்.

மழைக்காலத்தில் குர்லா–சயான் தண்டவாளத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் கட்டடமே அவரைத்தான் கூப்பிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்தப் பஸ், எந்த இடத்தில் நிற்கும் என்று பொறுமையாகச் சொல்வார்; செம்பூரில் மாட்டிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண் வந்து சேரும்வரை தூங்க மாட்டார். அன்று அவரைத் திட்ட நாக்கு வராது. ஆனால் தண்டவாளம் முழுகுவது வருஷத்தில் சில நாள்; கல்யாணங்களோ ஆடி, மார்கழி போன்ற மாதங்கள் போக மற்ற மாதமெல்லாம். மாமா, அடுத்த முகூர்த்தத்திலாவது அம்மா மோர் சாதம் சாப்பிட்டு முடிக்கட்டும். அந்த வண்டி போனால் பின்னாலேயே இன்னொன்று வரும்; அதன் நேரமும் உங்களுக்குத் தெரியும்.