தொட்டுக்க என்ன?

சூப் ஒரு சாப்பாடா என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் வாதத்துக்கு வரமாட்டார்கள். சிரித்துவிட்டு, "அது சரி, சாப்பாட்டுக்கு என்ன?" என்பார்கள். விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். முடியாமல் இழுக்கிற இடம் ஒன்று உண்டு. நடுத்தர வயதைத் தாண்டிய ஆம்பிளை இருக்கிற வீடு. ரத்தப் பரிசோதனைத் தாளில் அங்கங்கே தடித்த எழுத்து விழுந்திருக்கும். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "ராத்திரிக்கு மட்டும் லைட்டா ஏதாச்சும் எடுத்துக்குங்க" என்றிருப்பார். அவர் சொன்னது 'ஏதாச்சும்'. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் காதில் விழுந்தது 'சூப்'.

அன்று முதல் ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு ஒரு கிண்ணம் வருகிறது. கேரட், பீன்ஸ், கோஸ் எல்லாம் பொடிசாக நறுக்கி, மேலே மிளகுத்தூள். குறை சொல்ல ஒன்றுமில்லை; ருசியாகவே இருக்கும். குடித்து முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். "என்ன வேணும்?" என்பாள். "ஒண்ணும் வேணாம்" என்பேன். ஆனால் எழுந்திருக்க மாட்டேன். உடம்பு எழுந்திருக்கச் சம்மதிக்காது. இன்னும் எதுவோ வரவேண்டியது பாக்கி இருக்கிறது என்று அதற்கு ஓர் எண்ணம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா போன் செய்வாள்.

"ராத்திரி என்னப்பா சாப்பிட்ட?"

"சூப்பும்மா."

"சரி. சாப்பாட்டுக்கு?"

"அதாம்மா சாப்பாடு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அவ ஊருக்குப் போயிருக்காளா?" என்றாள்.

சூப் தண்ணியாக இருக்கிறது, அதனால்தான் அது சாப்பாடு ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். இது சுத்த அபத்தம். தண்ணியாக இருப்பதில் நமக்கு ஆட்சேபணையே கிடையாது. கம்மங்கூழ் தண்ணிதான். கேப்பைக்கூழ் தண்ணிதான். முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் நீராகாரத்தோடு குடித்துவிட்டுத்தான் வயலில் இறங்கினார்கள். ஒருவரும் அதை "லைட்டா ஏதோ எடுத்துக்கிட்டேன்" என்று சொன்னதில்லை. காய்ச்சல்காரனுக்கு நொய்க்கஞ்சி சாப்பாடு. ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசலில் வாங்கிவருகிற நோன்புக் கஞ்சி, நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வயிற்றையே சமாதானப்படுத்திவிடும். இத்தனையையும் சாப்பாட்டில் சேர்த்துக்கொண்டவர்கள் சூப்பை மட்டும் வாசலில் நிறுத்திவைத்தால், காரணம் தண்ணீரில் இல்லை.

காரணத்தை நான் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். எதைச் சாப்பாடு என்கிறோமோ, அதைப் பார்த்ததும் நம் வாயில் ஒரு கேள்வி வரும்: "தொட்டுக்க என்ன?" கூழுக்கு மோர் மிளகாய், சின்ன வெங்காயம், வசதிப்பட்டால் கருவாடு. பழைய சோற்றுக்கு முந்தின நாள் சுண்டின குழம்பு. கஞ்சிக்குத் துவையல், சுட்ட அப்பளம். நோன்புக் கஞ்சிக்கு வடை, சமோசா. சூப்பைக் கொண்டுவந்து வைத்தால் யாராவது "தொட்டுக்க என்ன?" என்று கேட்டிருக்கிறார்களா? கேட்கமாட்டார்கள். கேள்வி எழாத பண்டம் சாப்பாடு ஆகாது. இதுதான் சட்டம்.

எங்கள் திருநெல்வேலிச் சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். அரைத்துப் பிழிந்த தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி, கடைசியில் எலுமிச்சம்பழச் சாறு. அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் ஸ்பூனும் போட்டு, ஏதாவதொரு நட்சத்திர ஓட்டலில் வைத்தால் சூப் என்றே பில் போடுவார்கள். ஆனால் நாங்கள் அதைக் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பந்தி போட்டுப் பரிமாறுகிறோம். இலையில் சோறும் சொதியும் இருந்து, இஞ்சித் துவையல் வராவிட்டால் சம்பந்தி முகம் சுருங்கும். உருளைக்கிழங்கு சிப்ஸும் வராவிட்டால் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். சொதியைச் சாப்பாடாக்குவது தேங்காய்ப்பால் அல்ல, இஞ்சித் துவையல்.

யாழ்ப்பாணத்து ஒடியற் கூழ் என் சட்டத்துக்குள் அடங்காது என்று ஒருவர் கிளம்பினார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்து, அதிலே மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, பயற்றங்காய் எல்லாம் போட்டுக் காய்ச்சுவார்கள். பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் ஊற்றிக் குடிப்பார்கள். தொட்டுக்க வேறாக எதுவும் வைக்கத் தேவையில்லை. ஏன் தேவையில்லை? தொட்டுக்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே உள்ளே குதித்துவிட்டது. சட்டம் அப்படியே நிற்கிறது.

என் நண்பர் ஒருவர் வேறு பக்கமாக மடக்கினார். "அப்படின்னா சரக்கும் சாப்பாடுதான். சைடிஷ் இல்லாம எவன் குடிக்கிறான்?" இதைக் கேட்டுக் கொஞ்சம் ஆடிப்போனேன். யோசித்துப் பார்த்ததில், அவர் அதைச் சாப்பாடாகத்தான் நடத்திவருகிறார் என்று நினைவுக்கு வந்தது. மேற்கொண்டு வாதிக்கவில்லை.

சட்டம் நம் ஊருக்கு மட்டும்தானா என்றால், இல்லை. அமெரிக்காவில் பிறந்து, ஜெர்மனியில் பவேரியா ஆட்சியாளருக்கு வேலை பார்த்த ரம்ஃபோர்டு பிரபு என்று ஒருவர் இருந்தார். வெப்பம் என்றால் என்ன என்று பீரங்கிக் குழாயைக் குடைந்து பார்த்துச் சொன்ன அதே விஞ்ஞானிதான். 1790-ல் மியூனிக் நகரத்துப் பிச்சைக்காரர்களை ஒரே நாளில் பிடித்துக் கொண்டுபோய் வேலை கொடுத்தார்; அத்தனை பேருக்கும் மிகக் குறைந்த செலவில் சாப்பாடு போட வேண்டும். பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, வினிகர், உப்பு, ஏகப்பட்ட தண்ணீர். இதைப் பல மணி நேரம் மெல்லக் காய்ச்சி ஒரு சூப் செய்தார். பார்லியோடு சேர்ந்து வெந்தால் தண்ணீரும் உணவாகிவிடுகிறது என்று மனதார நம்பினார். ஓட்டல்காரர்கள் பலர் இன்றைக்கும் நம்புகிறார்கள்.

ஆனால் மனிதர் அங்கேதான் நிற்கிறார். காய்ந்து கெட்டியான ரொட்டித் துண்டுகளைப் பரிமாறுகிற நேரத்தில்தான் போட வேண்டும், வேகவைத்துக் குழைத்துவிடக் கூடாது என்று கண்டிப்பாக எழுதிவைத்தார். பல்லுக்கு வேலை இருந்தால்தான் சாப்பிடுகிற சுகம் நீடிக்கும் என்பது அவர் வாதம். பிச்சைக்காரர்களுக்குப் போடுகிற சூப்புக்குக்கூடத் தொட்டுக்க ஏதாவது வேண்டும் என்று கவலைப்பட்ட அந்தப் பிரபுவை அம்பாசமுத்திரத்துப் பந்தியில் தாராளமாக உட்காரவைக்கலாம்.

இந்தக் கேள்வி விளையாட்டாக இல்லாத காலமும் இருந்தது. 1847-ல் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டனின் பிரபல சமையற்காரர் அலெக்ஸி சோயர், டப்ளினில் போய்ச் சூப் கூடம் திறந்தார். அவருடைய குறிப்பு ஒன்றில் ஒன்பது லிட்டர் தண்ணீருக்கு மாட்டிறைச்சி சுமார் 113 கிராம். இதைக் குடித்தால் உயிர் நிற்குமா என்று அப்போதே 'லான்செட்' மருத்துவ இதழ் காட்டமாகக் கேட்டது. பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். சூப்பைச் சாப்பாடு என்று யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

என் மனைவி பிரபுக்களுக்கெல்லாம் மசிகிறவள் இல்லை. ஆராய்ச்சியோடு வந்தாள். பர்டூ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மேட்டஸ் என்பவர் 2005-ல் சோதித்திருக்கிறார்: ஆப்பிளைக் கடித்துத் தின்னக் கொடுத்தார்கள், ஜூஸாகக் கொடுத்தார்கள், சூடான சூப்பாகவும் கொடுத்தார்கள். ஜூஸில் வயிறு நிறையவில்லை. சூப்பில், கடித்துத் தின்ற அளவுக்கே நிறைந்ததாம். "பாத்தீங்களா? நெறஞ்சிருக்குன்னு நெனச்சா நெறஞ்சிரும்" என்றாள். நானும் சும்மா இருப்பேனா? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007-ல் வெளியிட்டதைக் காட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சூப் குடித்தவர்கள் மொத்தத்தில் 20 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். "குறைவா சாப்பிட்டாங்கல்ல?" என்றாள். "சாப்பிட்டாங்கல்ல?" என்றேன் நான். சூப்புக்குப் பின்னால் அவர்களுக்கு ஒரு சாப்பாடு காத்திருந்தது. எனக்குக் காத்திருப்பது மாத்திரை.

நான் பார்த்தவரையில் சூப்பை முழுச் சாப்பாடாகச் சாப்பிட்டவர் எங்கள் பெரியப்பா ஒருவர்தான். ஒரு கல்யாண ரிசப்ஷனில் நடந்தது. இலை போட்டதும் ஆளுக்கொரு சின்னக் கப்பில் தக்காளி சூப் வைத்துக்கொண்டே போனார்கள். ரோஸ் நிறம், மேலே வறுத்த ரொட்டித் துண்டு ரெண்டு மிதக்கிறது. எல்லாரும் எடுத்துக் குடித்தோம். பெரியப்பா தொடவில்லை. பூரி வந்தது, இடியாப்பம் வந்தது, கலர் கலராக என்னென்னவோ வந்தது; கப்பை மட்டும் இடது கைப்பக்கமாக நகர்த்தி, பரிமாறுகிறவர்கள் எடுத்துவிடாமல் பார்த்துக்கொண்டார். கடைசியில் வெள்ளைச் சோறு வந்தது. நடுவில் பள்ளம் பண்ணினார். சூப்பை நிதானமாக ஊற்றினார். பிசைந்தார். ரொட்டித் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டு, சாதத்தை ஒரு பிடி வாயில் போட்டார்.

நாங்கள் மூச்சு விடவில்லை.

"ரசம் பரவால்ல. சீனிய எதுக்குப் போட்டான்னு தெரியல" என்றார். பிறகு மீதி ரொட்டித் துண்டைத் தூக்கிக் காட்டி, "வடகம்தான் நமுத்துப் போச்சு."

ரம்ஃபோர்டு பிரபு பக்கத்து இலையில் இருந்திருந்தால் எழுந்து கைகொடுத்திருப்பார்.

என் சட்டத்தை வீட்டில் விளக்கிச் சொன்னேன். மனைவி குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். அதுவே எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும். "நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க" என்றாள். அன்று ராத்திரி எட்டு மணிக்கு வழக்கமான கிண்ணம் வந்தது. கூடவே ஒரு தட்டில் ஓர் அப்பளம். சுட்டது, எண்ணெய் படாதது.

"தொட்டுக்க" என்றாள். "இப்ப இது சாப்பாடுதானே?"

அப்பளம் பொரித்ததாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஓர் உட்பிரிவு சேர்க்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் போனை எடுத்து எங்கள் அம்மாவுக்குப் போட்டுவிட்டாள்.

"அத்தை, உங்க பிள்ளை அப்பளத்தோட சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. நீங்களே கேளுங்க."