தாய்மாமன்கள் இல்லாத அழைப்பிதழ்

நான்கு ஆண்டுகள் சென்னையில் டிசைன் படித்தவன் நான். பட்டத்தைச் சட்டம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். லேசாகச் சாய்ந்துதான் தொங்குகிறது. ஆணி அடித்தது நான்.

சிவகாசிக்காரன் டிசைன் படிக்கச் சென்னைக்குப் போகிறான் என்றால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் விளங்காது. தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு அச்சகத்து வாசலில்தான் விழவேண்டும், அப்படிப்பட்ட ஊர். அப்பா எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியைப் பற்றி விசாரித்து வைத்திருந்தார். “1850லயே ஆரம்பிச்சதாம், ஃபீஸும் கம்மி” என்றார். பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜுகூட அங்கே பயின்றவர்தான். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். பிற்பாடு அவரும் சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் சிவகாசிக் காலண்டரில் ஏறி, ஊர் ஊராகச் சுவரில் உட்கார்ந்தார்கள். இவ்வளவு முன்னுதாரணம் இருந்தும் நான் அங்கே விண்ணப்பமே போடவில்லை. எதிரே ஒருவரை உட்காரவைத்து வரையச் சொல்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் வரைந்தால் எதிரே உட்கார்ந்தவர் மனம் புண்படும்.

தனியார் கல்லூரி நேர்காணலில் “உங்களை எது இன்ஸ்பயர் பண்ணுது?” என்று கேட்டார்கள். பேசுவதுதானே, பேசினேன். எனக்கு இடம் கிடைத்தது, அப்பாவுக்குக் கல்விக் கடன் கிடைத்தது.

முதலாண்டில் வண்ணச் சக்கரம். 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் இட்டன் என்றொரு ஆசிரியர் அடிப்படைப் பயிற்சி ஒன்றை வகுத்தார். அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்று உலகெங்கும் டிசைன் மாணவர்கள் முதல் பருவத்தில் படும் பாடெல்லாம். சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் ஊதா வரவேண்டும். எனக்குக் கருவாட்டுக் குழம்பு நிறம் வந்தது. ஆரஞ்சு சாய்ந்த ஸ்கார்லெட்டை வாங்கியிருந்தேன், ஊதாவுக்குக் கிரிம்சன் வேண்டுமாம். இதைப் பக்கத்து மேசைப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் ஆசிரியரிடம், “இது மண் சார்ந்த ஊதா, சார், எங்க கரிசல் பூமியோட ஊதா” என்று சொல்லிவிட்டிருந்தேன். அவர் தலையாட்டி மதிப்பெண் போட்டார். என் கல்வி கெட்ட இடம் அதுதான். கை சறுக்கினால் வாய் தாங்கிப் பிடிக்கும் என்று அன்று கண்டுகொண்டேன்.

அடுத்து சொம்பு. அமெரிக்க டிசைனர் தம்பதி சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் இந்திய அரசுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையில் சொம்பை வானளாவப் புகழ்ந்திருக்கிறார்கள். தலையிலும் இடுப்பிலும் கையிலும் அது எப்படி உட்காருகிறது, நிறைந்தபோதும் வெறுமையாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கிறது என்றெல்லாம் யோசித்திருக்கிறார்கள். அகமதாபாத்தில் என்.ஐ.டி. என்ற டிசைன் கல்வி நிறுவனம் 1961இல் பிறந்ததற்கு அந்த அறிக்கை ஒரு காரணம். ஆக, டிசைன் வகுப்பில் சொம்புக்குச் சாமி அந்தஸ்து. “இதை மேம்படுத்துங்கள்” என்று எங்களிடம் கொடுத்தார்கள். நான் சதுரச் சொம்பு செய்தேன். அடுக்கி வைக்கலாம், இடம் மிச்சம், மூலையிலிருந்து நீர் அழகாக விழும் என்று படம் படமாக விளக்கியிருந்தேன். விடுமுறையில் மாதிரியை ஊருக்குக் கொண்டுபோனேன். அம்மா உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டு, “மூலையில பாசி பிடிச்சா எப்படிடா விளக்குறது?” என்று கேட்டாள். பயனாளர் ஆய்வு என்ற தலைப்பில் ஒரு பருவமே படித்திருந்தேன். அதில் பாத்திரம் விளக்குகிற யாரையும் சந்தித்த நினைவில்லை.

கட்டரைப் பற்றி விரிவாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மவுண்ட் போர்டை ஒரே அழுத்தில் அறுக்கக்கூடாது, ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி லேசாகப் பலமுறை இழுக்க வேண்டும், பிளேடு மழுங்கியதும் முனையை ஒடித்துவிட வேண்டும். எல்லாம் தெரியும், எதுவும் வராது. ஒரு முறை ஜூரி என்கிற மதிப்பீட்டுக்கு முந்தைய இரவு விரலை அறுத்துக்கொண்டேன். தாளில் பட்ட ரத்தத் துளியைக் காட்டி, மறுநாள் “உழைப்பின் தடம்” என்றேன். வெளியிலிருந்து வந்திருந்த ஜூரி ஒருவர், “டி.டி. ஊசி போட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் ஆண்டில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்கோ மினிமலிசம் முற்றியிருந்த நேரம். அழைப்பிதழ் என் பொறுப்பு என்று அறிவித்தேன். முழுக் கறுப்பு அட்டை, நடுவில் வெள்ளையில் ஏழு பாயிண்டில் மெல்லிய எழுத்து, சுற்றிலும் ஏகப்பட்ட வெற்றிடம். பிள்ளையார் இல்லை, மஞ்சள் இல்லை. தாய்மாமன்கள், பெரியப்பாக்கள் பட்டியல் காட்சி இரைச்சல் என்பதால் அதுவும் இல்லை. கணினித் திரையில் பார்த்த அம்மா, “யாருக்குடா காரியம்?” என்றாள். அப்பா நிதானமானவர். “மாமன் பேரைத் தூக்கிட்டா மாமன் வருவானா? மாமன் வரலேன்னா மொய் வருமா?” என்று மட்டும் கேட்டார். இந்தத் தலைமுறைக்கு அழகியல் புரியாது என்று நினைத்துக்கொண்டு, பென் டிரைவோடு சித்தப்பாவின் அச்சகத்துக்குப் போனேன்.

அங்கே கோப்பைத் திறந்ததும் அக்கா பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக என்னவோ வந்து நின்றது. நான் பயன்படுத்திய பழைய தமிழ் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. “கர்வ்ஸ் பண்ணாமயா கொண்டு வந்தே?” என்றார் சித்தப்பா. எழுத்தை உருவமாக மாற்றித்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தெருவில் டீ வாங்கி வரும் பையனுக்கும் தெரியும். அதைச் சரிசெய்த பிறகு ஆபரேட்டர் அண்ணன் என்னை மெதுவாகப் பார்த்தார். “தம்பி, கறுப்புல நாலு கலரும் நூறு நூறு வச்சிருக்கீங்களே.” ஆழமான கறுப்பு வேண்டும், அதில் ஒரு மௌனம் இருக்கிறது என்றேன். “மௌனம் இருக்கட்டும், மை காயாதே” என்றார்.

விளக்கினார். நான்கும் சேர்ந்தால் 400 சதவீதம். பொதுவாக 300ஐத் தாண்டினாலே தாள் தாங்காது, அடுக்கும்போது மேல் தாளின் முதுகில் மை ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு அந்தக் கறுப்புக்குள் மெல்லிய வெள்ளை எழுத்து. நான்கு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். ரெஜிஸ்டர் கொஞ்சம் நகர்ந்தால் ண, ஞ எல்லாம் சுழி அடைத்துக் கறுத்துவிடும். நான் விடவில்லை. சித்தப்பா பாசத்தில் சில தாள் ஓட்டிக் காட்டினார். மாப்பிள்ளையின் பட்டம் அடைத்துப்போயிருந்தது, மண்டபத்தின் பெயர் பாதிதான் இருந்தது. என் கட்டைவிரல் ரேகை மட்டும் தெளிவாகப் பதிந்திருந்தது.

ஆபரேட்டர் அண்ணன் டீ ஆறுவதற்குள் வேறொன்று செய்தார். வெளிர் மஞ்சள் அட்டை, அரக்குச் சிவப்பு எழுத்து, உச்சியில் சின்னப் பிள்ளையார். மாமன்களை இரண்டு பத்தியாகப் பிரித்தார். மூத்த மாமன் பெயரை அரை பாயிண்ட் பெரிதாக்கினார். “சண்டை வராது, பாத்தா வித்தியாசமும் தெரியாது” என்றார். ஹையரார்க்கி என்று எங்களுக்கு ஒரு தாள் நிறையப் பாடம் நடந்திருந்தது. அதில் எனக்கு நல்ல மதிப்பெண்.

கல்யாணம் நன்றாக நடந்தது, மாமன்கள் எல்லோரும் வந்தார்கள். நான் திருந்தினேனா என்றால், இல்லை. கறுப்பு அழைப்பிதழைக் கல்லூரிப் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்து, “மரபை மௌனமாக்குதல்” என்று தலைப்பிட்டுப் போர்ட்ஃபோலியோவில் சேர்த்தேன். இறுதி ஜூரியில் பாராட்டும் வாங்கினேன்.

வேலைக்கான நேர்காணலில் போர்ட்ஃபோலியோவைப் புரட்டிக்கொண்டே வந்த அம்மையார் அந்தப் பக்கத்தில் நின்றார். நான் மரபு, மௌனம் என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் விரலை விட்டு, கறுப்பு அட்டைக்குப் பின்னால் எப்போதோ நான் செருகி மறந்திருந்த மஞ்சள் அட்டையை வெளியே இழுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது யார் பண்ணது?”

எங்கள் ஊரில் ஓர் அண்ணன் என்றேன்.

“அவர் நம்பர் இருக்கா?”

இருந்தது. கொடுத்தேன்.