பால் கணக்கு

கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பால் கணக்குப் பார்ப்பது கிராணியின் வேலை. வாளியை நிறுப்பார், எழுதுவார், குறைந்தால் அதட்டுவார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பக்கத்தில் 1996இல் ஹைடெக் பூங்காவும் வந்தது. கிராணி மட்டும் போகவில்லை. இப்போது வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். அவர் பார்ப்பது வேறு பால்: ஆண்பாலா, பெண்பாலா.

இரவு ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து ஒட்ட வெட்டிய தலையும் காலர் சட்டையுமாக ஒரு பெண் இறங்கட்டும். ஒட்டுக்கடையில் தே தாரிக் பாதி வழியில் நின்றுவிடும். ஒருவர் “டோம்போய்” என்பார். மலாய் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள இன்னொருவர் “பெங்கிட்” என்பார். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவளுக்குக் கால் வலிக்குமே என்று ஒருவர்கூடச் சொல்லமாட்டார்.

இந்தக் கணக்குக்குக் கையேடே உண்டு. 2012 செப்டம்பரில், கூலிமிலிருந்து கூப்பிடு தூரத்தில், பினாங்கில் பெற்றோரையும் ஆசிரியர்களையும் கூட்டி அடையாளப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். பையன் வி கழுத்து பனியன் போட்டால், பெரிய கைப்பை வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டுமாம். பெண் என்றால், பெண்களோடு சுற்றுவாள், பெண்களோடு சாப்பிடுவாள், பெண்களோடு படுத்துத் தூங்குவாள். ஐயா, அதற்குப் பெயர் தொழிற்சாலை ஹாஸ்டல். பக்கத்து மாநிலத்திலிருந்து பதினெட்டு வயதுப் பெண்களை பஸ்ஸில் ஏற்றிவந்து அறைக்கு ஆறு பேராக அடைத்தால், அவர்கள் யாரோடு படுத்துத் தூங்குவார்கள்? கம்பெனி மேனேஜரோடா? பட்டியல் சந்தி சிரித்ததும், அது எங்கள் வெளியீடு அல்ல என்று கல்வி அமைச்சு கையைக் கழுவிக்கொண்டது. 2018இல் ஒரு மலாய் நாளிதழ் புதுப் பட்டியல் போட்டது. அதன்படி, கட்டிப்பிடிப்பவள், கைகோத்து நடப்பவள், ஆண்களை மட்டம் தட்டுபவள் எல்லாரும் சந்தேகத்துக்கு உரியவர்கள். மூன்றாவது குணத்தை வைத்துப் பார்த்தால், என் பாட்டியில் தொடங்கி லயத்துக் கிழவிகள் அத்தனை பேரும் உள்ளே போகவேண்டியவர்கள்.

அந்தக் கிழவிகளை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கித்தா மரம் சீவப் போனபோது என்ன உடுத்தியிருந்தார்கள்? புருஷனின் முழுக்கைச் சட்டை, உள்ளே பழைய காற்சட்டை, தலையைச் சுற்றித் துண்டு. கொசுவுக்கும் அட்டைக்கும் அதுதான் மருந்து. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்ற வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஆண் யார், பெண் யார் என்று தெரியாது. கங்காணிக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை, கூலி போடும்போது மட்டும் தெரிந்தால் போதும். அப்போது பெண் ஆண் சட்டை போட்டதால் சமயமும் கெடவில்லை, சமூகமும் கெடவில்லை. வெள்ளைக்காரனுக்கு லாபம் கிடைத்தது, அதனால் அது ஒழுக்கமாகவே இருந்தது.

இன்றைக்கும் அதே கதைதான். இன்ஃபினியன் 2024 ஆகஸ்டில் இங்கே சிலிக்கான் கார்பைடு ஆலை திறந்தது. இப்படிப்பட்ட சில்லு ஆலைகளின் தூசியில்லாக் கூடத்துக்குள் நுழைவதென்றால் தலை முதல் கால் வரை மூடவேண்டும், கண் மட்டும் தெரியும். ‘பன்னி சூட்’ என்பார்கள் (நம் ஊர்ப் பன்னி இல்லை, ஆங்கிலத்து முயல்). உள்ளே போனபின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாம் ஒரே வெள்ளை உருவம். அங்கே யாரும் ஒழுக்கம் கெட்டதாகச் செய்தி இல்லை. வாசலுக்கு வெளியே வந்து அந்தப் பெண் தன் சொந்தச் சட்டையைப் போட்ட பிறகுதான் நாடு ஆபத்துக்கு உள்ளாகிறது.

2008 அக்டோபரில் தேசிய ஃபத்வா மன்றம் பெங்கிட் ஹராம் என்று அறிவித்தது. ஆணைப் போல் உடுத்தி, ஆணைப் போல் நடந்து, பெண்ணை விரும்பும் முஸ்லிம் பெண்களுக்கான சொல் அது. ‘பங்க் கிட்’ மருவி வந்தது என்பார்கள். நம்மவர்கள் பேப்பரை மடித்துவிட்டு “அது அவங்களுக்கு” என்றார்கள். அடுத்த மாதம் அதே மன்றம் முஸ்லிம்களுக்கு யோகா கூடாது என்றது. அப்போது நமக்கு ரோஷம் பொங்கியது! 2018 செப்டம்பர் 3 அன்று குவாலா திரெங்கானு ஷரியா நீதிமன்றத்தில் இரண்டு பெண்களுக்கு ஆளுக்கு ஆறு பிரம்படி. நூறு பேர் அளவில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதற்கும் “அது அவங்களுக்கு” தான். தண்டனைச் சட்டம் 377டி பிரிவு இரண்டு ஆண்டு சிறையைக் காட்டி எந்த மதத்தாரையும் மிரட்டும் என்பது இவர்கள் காதில் விழவில்லை. 2023 மே மாதம் வானவில் வண்ணம் பூசியதற்காக 172 ஸ்வாட்ச் கடிகாரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கைக்கடிகாரத்துக்கும் பால் பார்த்த நாடு இது.

நமக்கு முஃப்தி எதற்கு, சித்தி போதும். வாரத்துக்கு மூன்று ஃபத்வா போடுவார். முடியை வளர்க்கச் சொல்லி ஒன்று, மூக்குத்தி குத்தச் சொல்லி ஒன்று, செவ்வாய் தோஷத்துக்குப் பரிகாரம் செய்யச் சொல்லி ஒன்று.

ஜப்பானியர் இங்கே ஆலை வைத்ததால் நம் பிள்ளைகளுக்குக் கைசென் தெரியும், 5எஸ் தெரியும். முதல் எஸ் ‘செய்ரி’, அதாவது வேண்டியது வேண்டாததைப் பிரித்து ஒதுக்குவது. அதை மனிதர்மேல் செய்ய நமக்கு ஜப்பான்காரன் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே மொழியின் ‘ஒனாபே’ மட்டும் இங்கே வந்து சேரவில்லை. பெண்மை கொண்ட ஆண்களை அங்கே ‘ஒகாமா’, சோற்றுப்பானை, என்று கேலி செய்தார்கள். அதற்கு ஜோடியாக, ஆணாக வாழும் பெண்களுக்குக் கிடைத்த பட்டம் ஒனாபே, அதாவது சட்டி. சட்டி என்று பெயர் வைத்தாலும் டோக்கியோவின் ஷிஞ்ஜுக்குவில் அவர்களுக்கென்று மதுக்கூடம் இருந்தது. 1995இல் அதைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. இளையவர்கள் அந்தச் சட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘எஃப்டிஎம்’ (பெண்ணிலிருந்து ஆண்) என்கிறார்கள். ஜப்பான் ஒன்றும் சொர்க்கமில்லை. பதிவேட்டில் பாலை மாற்ற வேண்டுமானால் பிள்ளை பெறும் உறுப்பை எடுத்துவிட்டு வா என்றது அதன் சட்டம். அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2023 அக்டோபர் ஆனது.

தமிழுக்குச் சொல் பஞ்சமா? பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பவணந்தி நன்னூலில், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பும் பேடு ஆண்பால் வினை கொள்ளும் என்று விதி எழுதிவிட்டார். அஃறிணை முடிவும் கொள்ளலாம் என்று ஒரு பின்கதவைத் திறந்து வைத்தாரே, நம் ஊர் அந்தக் கதவை மட்டும் சரியாகக் கண்டுபிடித்துக்கொண்டது. மதுரையிலிருந்து தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தட்டியபின், 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இப்படிப்பட்டவர்களைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்பட்டியலை அரசிதழில் போட்டது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவருக்கான ‘திருநம்பி’ அதில் இருக்கிறது. இங்கே எந்தக் கோயில் கமிட்டிக் கூட்டத்தில், எந்தத் தமிழ்ப்பள்ளி மேடையில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறீர்கள்? செந்தமிழ் மாநாடு என்றால் பந்தல் போட ஆள் உண்டு. ஒட்டுக்கடையில் திட்ட மட்டும் மலாயிலிருந்து கடன்.

தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கினாளே, அவளுடைய தங்கச்சிக்குக் கல்யாணம். சட்டை போட்ட மூத்தவள் நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமை விடாமல் ஓவர்டைம் பார்த்து மண்டபத்துக்கு முன்பணம் கட்டினாள். சேலை கட்டினால் குடும்பப் படத்தில் நிற்கலாம், இல்லையென்றால் பந்திப் பக்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. அவள் பந்திக்குப் போனாள். சாம்பார் வாளியோடு நின்றவளைச் சித்தி தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஏம்மா, ஒங்க கம்பெனில போனஸ் எப்போ போடுறாங்க?”